ஐம்பத்தெட்டு வரியிலும் ஒரே நம்பர்

ஜபீனுக்கு என்னைவிடக் கோபம் அதிகம். இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் ஒருவரும் நம்பமாட்டார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இறால் கம்பெனி ஒன்றின் கேட்டில் நான் செக்யூரிட்டி இன்சார்ஜாக இருந்த காலத்தில், லாரி டிரைவர் முதல் கம்பெனி முதலாளியின் மச்சான் வரை என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் கிடையாது. ஆனால் கேட்டை ஒட்டிய டைம் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணிடம் மட்டும் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில்லை. ஒருமுறை மாட்டிக்கொண்டேன், அது போதும்.

பழவேற்காட்டுப் பெண். அவள் அத்தா நூர் அகமது அங்கே வலை, நைலான் கயிறு, மிதவை எல்லாம் விற்கும் கடை வைத்திருந்தார். மூன்று பெண்களில் இவள் நடு. பிளஸ் டூ முடித்ததும் மூத்தவளைப் போலவே இவளையும் கட்டிக்கொடுத்துவிடப் பார்த்தார்கள். இவள் இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்து, பொன்னேரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்துவிட்டாள். அங்கே என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏசி நல்லா ஜில்லுன்னு இருந்துச்சிண்ணே" என்றாள். "வாத்தியாரு நோட்ட பாத்து போர்டுல எழுதுவாரு, நாங்க போர்ட பாத்து நோட்டுல எழுதுவோம். சி லாங்வேஜ் நானேதான் முட்டி மோதி கத்துக்கினேன்."

அப்படிக் கற்றுக்கொண்டு எழுதியதுதான் எங்கள் கம்பெனியின் வருகைப் பதிவு ப்ரோக்ராம். மேனேஜர் அரசப்பன் காசு கொடுத்து வெளியில் வாங்க மனமில்லாமல் இவள் தலையில் கட்டிவிட்டார். அவளும் ஒரு பழைய மெஷினில் உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டாள். இறால் உரிக்க வருகிற பெண்கள் உள்ளே நுழையும்போது கழுத்தில் தொங்குகிற டோக்கனைக் காட்டுவார்கள், ஜபீன் நம்பரைத் தட்டுவாள். வெளியே போகும்போது மறுபடி ஒரு தட்டு. சாயங்காலம் ரிப்போர்ட் பிரிண்டரில் கறகறவென்று வந்து விழும். ஒருநாளும் ஒரு நம்பர் தப்பியதில்லை.

உள்ளே போய்விட்டால் அந்தப் பெண்களுக்குப் பெயர் கிடையாது. தலையில் தொப்பி, மூக்கை மூடி மாஸ்க், காலில் பூட்ஸ், மேலே ஏப்ரன். கண் மட்டும்தான் தெரியும். பெற்ற தாயே அடையாளம் கண்டுபிடிக்க முடியாது. அதனால் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். உரிக்கும் கூடத்தில் வேலை செய்பவளுக்கு நம்பருக்கு முன்னால் பி, ஐஸ் உடைப்பவனுக்கு ஐ, மெஷின் ரூமுக்கு எம்.

அந்த வருஷம் சோதனைக்கு வந்த அதிகாரி ஒருவர் கேட்டார்: "அமோனியா லீக் ஆச்சுன்னா உள்ள யார் யார் இருக்காங்கன்னு எப்படி சொல்வீங்க?" மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஜபீனைப் பார்த்தேன். அமோனியா என்றால் விளையாட்டில்லை. இறாலைக் கல்லாக உறைய வைக்கிற குளிர் அந்த வாயுவிலிருந்துதான் வருகிறது. குழாயை விட்டு வெளியே வந்தால் கண்ணையும் நுரையீரலையும் பொசுக்கிவிடும்.

அப்படித்தான் அவள் அந்தப் புதுப் பட்டியலுக்கான ப்ரோக்ராமை எழுதினாள். ஒரு பொத்தானைத் தட்டினால் அந்த நிமிஷம் உள்ளே இருக்கிற எல்லோருடைய நம்பரும் பிரிவுவாரியாக அடுக்கி வரவேண்டும். அதில் ஒரு சிக்கல் இருப்பதாகச் சொன்னாள். கம்ப்யூட்டருக்கு நூற்றுப்பத்து என்பது ஓர் அளவுதானாம், எழுத்து அல்லவாம். அதன் முன்னால் பி சேர்க்க வேண்டுமானால் முதலில் அதை ஒன்று, ஒன்று, பூஜ்யம் என்று எழுத்துகளாக மாற்ற வேண்டும். மாற்றியதை ஓர் இடத்தில் எழுத வேண்டும். அடுக்கிப் பார்க்க வேண்டுமானால் அப்படி எழுதிய அத்தனையையும் ஒரு வரிசையில் சேர்த்து வைக்க வேண்டும். தினசரி ரிப்போர்ட்டில் இந்தத் தொல்லை இல்லை, மாற்ற மாற்ற அப்படியே அச்சடித்துவிடலாம்.

"எனக்கு இன்னாத்துக்கும்மா இதெல்லாம்? லிஸ்ட் வருமா வராதா?" என்றேன்.

"வரும்ணே. சும்மா கத்தாத."

அவள் அதை எழுதி முடித்தபோது மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் படகு போகாது. கடல் இறாலை மட்டுமே நம்பியிருந்த எங்கள் கம்பெனியில் உரிக்கும் கூடம் பூட்டிக் கிடந்தது. குளிர் கிடங்கில் பழைய சரக்கு இருந்ததால் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொள்ள அன்புராஜ் ஒருவன்தான் உள்ளே. நல்ல சமயம் என்று ஜபீன் பொத்தானைத் தட்டினாள். பேப்பரில் எம் 12 என்று ஒரே வரி வந்தது. அன்புராஜின் நம்பர். உள்ளே இருப்பது ஒருவன், வந்தது ஒரு வரி, அதுவும் சரியான வரி. மேனேஜர் தட்டிக்கொடுத்தார். நான்கூட எதுவும் குறை சொல்லவில்லை. வருஷம் முழுக்க ஆள் நிரம்பி வழிகிற வேறு எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அந்தப் பரீட்சையிலேயே விஷயம் வெளியே வந்திருக்கும்.

தடை முடிந்து முதல் சரக்கு வந்த நாள். காலையிலேயே கேட்டில் திருவிழாக் கூட்டம். பழைய ஆட்களோடு புது ஆட்களும் வந்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தவர்கள் எல்லாம் திரும்ப உள்ளே போய்விட்டார்கள். உரிக்கும் கூடத்துக் கன்னியம்மா மட்டும் வெற்றிலை வாங்கப் போய்விட்டு எல்லோருக்கும் கடைசியாக வந்தாள். நான் நாலு வார்த்தை கொடுத்தேன், அவள் எட்டாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் மெஷின் ரூம் பக்கம் டமால் என்று ஒரு சத்தம். அடுத்து சைரன். அதற்குள்ளாகவே மூக்கில் ஏறிவிட்டது. யாரோ மூக்குக்குள் ஊசியை விட்டுக் குத்துவது போன்ற நெடி. பெண்கள் அலறிக்கொண்டு ஓடிவந்தார்கள். கேட்டை விரியத் திறந்துவிட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து எல்லோரையும் எதிர்த்திசை ரோட்டுக்கு விரட்டினேன். காற்று டைம் ஆபீஸ் பக்கமாகத்தான் அடித்தது. ஜபீன் அங்கேதான் இருந்தாள். நான் கத்தினேன். அவள் வரவில்லை. பிரிண்டர் சத்தம் கேட்டது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பேப்பரைச் சர்ரென்று கிழித்து எடுத்துக்கொண்டுதான் ஓடிவந்தாள். அந்த நேரத்தில் அவள் மேல் எனக்கு வந்த மரியாதையைச் சொல்லி முடியாது.

ரோட்டில் எல்லோரையும் நிற்க வைத்தேன். இருமல், அழுகை, வாந்தி. பேப்பரை வாங்கிச் சத்தமாகப் படித்தேன்.

"பி முந்நூத்தி நாப்பத்தேழு!"

"இருக்கறேன்" என்றாள் கன்னியம்மா.

அடுத்த வரியைப் பார்த்தேன். "பி முந்நூத்தி நாப்பத்தேழு."

"அதான் இருக்கறேன்னு சொன்னனே."

மூன்றாவது வரி. அதுவும் முந்நூற்று நாற்பத்தேழு. நாலாவது, ஐந்தாவது. விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே போனேன். பேப்பர் முடியும் வரை, மேலிருந்து கீழ் வரை, பி 347, பி 347, பி 347. இத்தனை வருஷ வேலையில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அத்தனை பேரையும் யாரோ துடைத்துவிட்டு ஒருத்தியை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள்.

கன்னியம்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்கு நம்பர் படிக்கத் தெரியும். தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். "ஐயோ, இன்னா இது, என் நம்பராவே கீது! எமன் லிஸ்ட்டாயா இது?"

கூட்டத்தில் பாதிப்பேர் அவளை விட்டு விலகி நின்றார்கள். மேனேஜர் அரசப்பன் பேப்பரைப் பிடுங்கினார். பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது. "இன்னாம்மா ஜபீன் இது? உயிர் போற நேரத்துல இன்னா எழவு இது?"

ஜபீன் பேப்பரைப் பார்த்தாள். ஒரே பார்வைதான். கண்ணாடியில் பேயைப் பார்த்தவள் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒரே எடம்ண்ணே" என்றாள் என்னிடம். "எல்லா நம்பரையும் ஒரே எடத்துல மாத்தி மாத்தி எழுதிட்டேன். வரிசைல நம்பர வெக்கல. அந்த எடத்தோட விலாசத்தத்தான் திருப்பித் திருப்பி வெச்சிருக்கேன். ஒண்ணு மேல ஒண்ணு எழுதி எழுதி, கடைசியா எழுதனது மட்டும்தான் நின்னிருக்கு."

கடைசியாக உள்ளே போனவள் கன்னியம்மா. வரிசையில் இருந்த ஒவ்வொரு கட்டமும் அந்த ஒரே இடத்தைக் கைகாட்ட, எல்லாக் கட்டத்திலிருந்தும் அவளே எட்டிப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு நம்பருக்கும் தனியாக இடம் ஒதுக்கி அதில் நகல் எடுத்து வைத்திருக்க வேண்டும். தடைக்காலத்தில் ஒரே ஒரு அன்புராஜை வைத்துச் சோதித்தபோது முதலும் அவனே, கடைசியும் அவனே. தப்பு தெரியவே வழியில்லை. இதெல்லாம் பிற்பாடு எனக்கு விளங்கியது. அப்போது எனக்கு விளங்கியது ஒன்றுதான்: உள்ளே யாராவது மாட்டியிருந்தால் அது யார் என்று சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. திரும்பிப் போய்க் கம்ப்யூட்டரைத் தட்டலாம் என்றால் டைம் ஆபீசே வெள்ளைப் புகைக்குள் மறைந்துவிட்டது.

"விடு, எல்லாரும்தான் வந்துட்டாங்களே" என்றார் மேனேஜர். "ஃபயர் சர்வீசுக்குச் சொல்லியாச்சு. வந்துக்கினு இருக்காங்க."

ஜபீன் அவர் கையிலிருந்து பேப்பரைத் திரும்பப் பிடுங்கினாள். மேனேஜர் கையிலிருந்து. ரோட்டில் மண்டியிட்டு, பேப்பரைத் தரையில் விரித்து, வரிகளை விரல் வைத்து எண்ண ஆரம்பித்தாள். இரண்டு முறை எண்ணினாள்.

"அம்பத்தெட்டு. அண்ணே, டோக்கன் போட்டிருக்கறவங்கள மட்டும் எண்ணு."

எண்ணினேன். டோக்கனைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். ஐம்பத்தேழு.

"ஒர்த்தர் உள்ள இருக்காங்க" என்றாள்.

மேனேஜருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. "நம்பரு அத்தனையும் தப்பு. எண்ணிக்கை மட்டும் எப்படிம்மா சரியா இருக்கும்? ஒன் ப்ரோக்ராம நம்பி ஒர்த்தன இந்தக் கேஸுக்குள்ள அனுப்பச் சொல்றியா?"

"எழுதன எடம்தான் தப்பு சார். எத்தன பேர் உள்ள போனாங்களோ அத்தன வாட்டி சுத்தியிருக்கு. ஒரு ஆளுக்கு ஒரு வரி. வரி பொய் சொல்லாது."

இருமிக்கொண்டு நின்ற அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். எல்லோர் கண்ணிலும் ஒரே கேள்வி. இப்போதுதான் ஊர் சிரிக்கத் தோற்றவள், அதே பேப்பரைக் காட்டி நம்பு என்கிறாள். நம்பினால் அன்புராஜ் உள்ளே போக வேண்டும். சுவாசக் கருவி இரண்டு இருந்தது, ஒன்று மெஷின் ரூமிலேயே மாட்டிக்கொண்டது. மிச்சம் ஒன்று, அதை மாட்டிப் பழகியவனும் அவன் ஒருவனே.

"நான் போய் பாத்துட்டு வந்துட்றேன் சார்" என்றான் அன்புராஜ். பாவி, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே மாட்ட ஆரம்பித்திருந்தான்.

அவன் போனான். ஜபீன் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஓதுகிறாள் என்று தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் புகைக்குள்ளிருந்து அன்புராஜ் ஓர் அம்மாவைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு வந்தான். எங்களுக்கு உயிர் வந்தது. சில பெண்கள் ஓவென்று அழுதார்கள். குடம் குடமாகத் தண்ணீரை அந்த அம்மா முகத்தில் ஊற்றினோம். மேனேஜர் ஜபீனிடம் வந்து, "மன்னிச்சுக்கோம்மா, நீ சொன்னதுதான் சரி" என்றார். அந்த மனுஷன் வாயில் அந்த வார்த்தையை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

ஜபீன் அவரைக் கவனிக்கவே இல்லை. அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்க பேரு இன்னாம்மா?"

"லட்சுமியம்மா."

"டோக்கன் நம்பரு?"

"டோக்கனா? அதெல்லாம் குடுக்கலம்மா. காலைல ஐஸ் லாரில மேஸ்திரி கூட்டியாந்து பின்னால ஐஸு கேட்டாண்ட எறக்கி வுட்டாரு. ஐஸு தள்ளிக்கினு இருந்தேன்."

அவள் சொன்னது என் காதில் விழுந்து, புத்தியில் ஏறக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அந்த அம்மா டைம் ஆபீஸ் வழியாகவே வரவில்லை. அவளுக்கென்று எந்த நம்பரையும் யாரும் தட்டவில்லை. அந்த ஐம்பத்தெட்டு வரியில் அவள் இல்லவே இல்லை.

ஜபீன் எழுந்து நின்றாள். "சார், இவங்க கணக்குலயே இல்ல. இன்னும் ஒர்த்தர் உள்ள இருக்காங்க."

"போதும்மா" என்றார் மேனேஜர். கெஞ்சுகிற குரலில் சொன்னார். "ஒன் கணக்குக்கு ஒரு ஆளு கம்மி, ஒரு ஆளு கெடைச்சாச்சு. அன்புராஜோட சிலிண்டரப் பாரு, முள்ளு செவப்புக்கு வந்துருச்சு. வண்டி வரட்டும்."

அப்போதுதான் அவள் கத்தினாள். ரோட்டின் அந்தக் கோடி வரை கேட்டிருக்கும். பெண்களைப் பார்த்துக் கத்தினாள். "வாயத் தொறங்கடி! யாரு பக்கத்துல ஆளு கொறையிது? யாராச்சும் வேலைக்கு நடுவுல எழுந்து போனாங்களா? வண்டி வர்றதுக்குள்ள செத்துப் போய்டுவா! சொல்லுங்க!"

பெண்கள் தரையைப் பார்த்தார்கள். மேனேஜரை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். எனக்கு அந்தப் பார்வை தெரியும். எதையோ மறைக்கிற பார்வை. கடைசியில் கன்னியம்மாதான் வெடித்தாள்.

"எல்லம்மா, சார். வயித்து வலின்னு சொன்னா. ஊட்டுக்குப் போயிருப்பான்னு நெனச்சினு இருந்தோம்."

"என் கேட்ல யாரும் போவல" என்றேன்.

கன்னியம்மா மேனேஜரைப் பார்த்து அழுதாள். "அப்ப காலி க்ரேட்டு அடுக்கி வெச்சிருக்கற ரூம்லதான் சார் படுத்துனு இருப்பா. முடியலன்னா நாங்க அதுக்குப் பின்னாலதான் போய் கொஞ்சம் சாய்வோம். சொன்னா நீங்க அரை நாளு கட் பண்ணிடுவீங்க. அதான் யாரும் சொல்லல."

அன்புராஜ் சிலிண்டர் முள்ளை ஒருமுறை பார்த்தான். ஜபீனை ஒருமுறை பார்த்தான். மாஸ்க்கை இழுத்து மாட்டிக்கொண்டு ஓடினான்.

அந்தக் காத்திருப்பைப் பற்றி என்னால் எழுத முடியாது. தூரத்தில் தீயணைப்பு வண்டியின் மணி கேட்க ஆரம்பித்தபோது அவன் வந்தான். மாஸ்க் அவன் முகத்தில் இல்லை. அவன் தோளில் கிடந்தவள் முகத்தில் இருந்தது. அவளை இறக்கிவிட்டு அவனும் ரோட்டிலேயே விழுந்தான். எல்லம்மா நனைந்த ஏப்ரனை முகத்தில் சுற்றிக்கொண்டு சுவரோரம் சுருண்டு கிடந்திருக்கிறாள். மூச்சு இருந்தது. தண்ணீர் ஊற்ற ஊற்ற இருமினாள். கண் திறக்கவில்லை.

ஜபீன் அவள் காதருகே குனிந்தாள். "நம்பர் சொல்லு எல்லம்மா. ஒன் நம்பர் சொல்லு."

"பி... எழுவத்தாறு."

ஜபீன் நிமிர்ந்தாள். "அவ்ளோதான் சார். எல்லாரும் வந்துட்டாங்க" என்றாள்.

எல்லம்மா பிழைத்துக்கொண்டாள். அன்புராஜுக்கு ஒரு கண்ணில் பார்வை கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். ஜபீனுக்கு அடுத்த வருஷமே நிக்காஹ் ஆகிவிட்டது. இன்று மண்ணடியில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். பிள்ளைகளிடமும் இப்படித்தான் கத்துவாள் என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அவளிடம் கேட்டேன். மனசாரப் பாராட்டத்தான் கேட்டேன். "நம்பர் அத்தனையும் தப்பாப் போயும், எண்ணிக்கை சரின்னு எப்படிம்மா அவ்ளோ உறுதியா சொன்ன?"

அவள் டம்ளரைப் பிடிக்க முடியாமல் கீழே வைத்தாள்.

"உறுதியா எங்கண்ணே சொன்னேன்? ஒரு தப்பு இருக்கற எடத்துல இன்னொரு தப்பு இருக்காதா? கத்திச் சொன்னேன், அவ்ளோதான்."

நான் அப்படியே அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டேன்.